புதுச்சேரியில் திங்களைக் கற்ற பிரெஞ்சுக்காரர்

விண்ணியல் வரலாற்றில் மிகவும் பரிதாபத்துக்குரியவர் யார் என்று கேட்டால் பெரும்பாலான நூல்கள் ஒரே பெயரைத்தான் சொல்லும். கியோம் லெ ழான்தி! ஆங்கில எழுத்தைப் பார்த்து லெ ஜென்டில் என்று படிப்பவர்களும் உண்டு. சூரியனின் முகத்தைச் சுக்கிரன் கடந்து செல்லும் காட்சியைக் காணப் பிரான்சிலிருந்து புறப்பட்டு, பதினொன்றரை ஆண்டுகள் கடலிலும் கரையிலும் அலைந்து, இருமுறை கிடைத்த வாய்ப்பையும் இழந்து வெறுங்கையோடு வீடு திரும்பியவர். பலரும் அவர் கதையை இத்துடன் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பதினொன்றரை ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நம் புதுச்சேரியில் கழிந்தன என்பதும், அங்கே தமிழ்நாட்டுக் கணிதரிடம் அவர் மாணவராக அமர்ந்து நிலவின் கணக்கைக் கற்றார் என்பதும், அந்தக் கணக்கு ஐரோப்பாவில் நம் திருவாரூரின் பெயரால் வழங்கியது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பக்கத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

லெ ழான்தி 1725-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் நார்மண்டிப் பகுதியிலுள்ள கூத்தான்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். பெரிய செல்வக் குடும்பம் அன்று. பாதிரியார் ஆகும் எண்ணத்தோடு சமயக் கல்வி பயிலப் பாரிசு வந்தவர், டெலில் என்ற வானியல் பேராசிரியரின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போய் அங்கேயே மனத்தைப் பறிகொடுத்தார். சமயக் கல்வி நின்றது. பாரிசு வான்காட்சி நிலையத்தில் காசினி குடும்பத்தாரிடம் பயிற்சி தொடங்கிற்று. 1749-இல் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்துக்கு அருகே அதன் துணை மண்டலம் ஒன்றை அவர் கண்டுபிடித்தார். 1753-இல் அறிவியல் கழகத்தில் இடம் கிடைத்தது.

அவர் இளைஞராக இருந்த அந்நாளில் பாரிசுக் கழகத்தை ஆட்டிவைத்த சிக்கல் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டால்தான் அவர் பின்னாளில் புதுச்சேரியில் கண்டு வியந்ததன் பொருள் விளங்கும்.

நாம் இயற்பியல் வகுப்பில் கெப்ளர் விதிகளைப் படித்திருக்கிறோம். இரண்டு பொருள்கள் மட்டும் ஒன்றையொன்று ஈர்த்தால் பாதை நீள்வட்டம். எந்த நாளில் எங்கே இருக்கும் என்பதைக் கணித்துவிடலாம். மூன்றாவதாக ஒரு பொருளைச் சேர்த்துவிட்டால் போதும், எல்லாம் குழம்பிவிடும். பாதை மூடிக்கொள்வதில்லை, போன வழியே திரும்ப வருவதில்லை. நம் தலைக்கு மேலே இருக்கும் நிலவே இதற்குச் சான்று. பூமி நிலவை இழுக்கும் விசையைப் போல இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமாகச் சூரியன் நிலவை இழுக்கிறது என்றால் நம்ப முடிகிறதா? பூமியையும் சேர்த்தே சூரியன் இழுப்பதால்தான் நிலவு நம்மை விட்டுப் போகாமல் இருக்கிறது. ஆயினும் அந்த இழுப்பில் உள்ள சிறு வேறுபாடு நிலவின் நீள்வட்டத்தை நிலையாக நிற்க விடுவதில்லை. நீள்வட்டத்தின் அச்சே 8.85 ஆண்டுகளுக்கு ஒரு முறை சுற்றி வருகிறது. கிரகணங்களைத் தீர்மானிக்கும் ராகு, கேது என்னும் வெட்டுப் புள்ளிகள் 18.6 ஆண்டுகளில் எதிர்த்திசையில் சுற்றுகின்றன.

அச்சு சுற்றும் வேகத்தை நியூட்டன் கணக்கிட்டபோது உண்மையில் பாதிதான் வந்தது. 1747-இல் கிளேரோ என்ற பிரெஞ்சுக் கணித மேதையும் அதே பாதியைப் பெற்று, ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டும் என்று அறிவித்துவிட்டார்! ஆய்லருக்கும் டலம்பேருக்கும் இதே தலைவலி. 1749-இல் கிளேரோ தாம் விட்டுவிட்ட சிறு உறுப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது முழு வேகமும் வந்தது. நியூட்டனின் விதி பிழைத்தது. பின்னர் ஜெர்மானியரான டோபியாஸ் மேயர் நிலவுக்குச் சிறந்த அட்டவணைகளை ஆக்கினார். நடுக்கடலில் தீர்க்கரேகை அறிய அவை உதவும் என்பதால் பிரிட்டிஷ் அரசு 1765-இல் அவருடைய விதவை மனைவிக்கு 3000 பவுன் அளித்தது. மூன்று பொருள் சிக்கல் என்பது வெறும் ஏட்டுக் கணக்காக அன்று இருக்கவில்லை. கப்பல்களின் உயிர் அதில் இருந்தது.

இனிப் பயணத்துக்கு வருவோம். சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பூமியின் பல இடங்களிலிருந்து கண்டு நேரத்தைக் குறித்தால் சூரியனின் தொலைவை அளந்துவிடலாம் என்று ஹாலி வழி சொல்லியிருந்தார். அந்நிகழ்ச்சி எட்டு ஆண்டு இடைவெளியில் இரட்டையாக வரும். பிறகு நூறாண்டுக்கு மேல் வராது. 1761 ஜூன் 6, 1769 ஜூன் 3-4 என்பன அவர் காலத்துக்குக் கிடைத்த நாட்கள். லெ ழான்திக்குப் புதுச்சேரி ஒதுக்கப்பட்டது. 1760 மார்ச் மாதம் கப்பலேறி, ஜூலையில் மொரீஷியஸ் தீவை அடைந்தார். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டிருந்த காலம் அது. புதுச்சேரி முற்றுகையில் இருந்ததால் கப்பல் கிடைக்காமல் மாதங்கள் கழிந்தன. ஒருவாறு 1761 மார்ச்சில் புறப்பட்டு, மே மாதம் மலையாளக் கரையில் மாஹிக்கு அருகே வந்தபோதுதான், புதுச்சேரி சனவரியிலேயே ஆங்கிலேயரிடம் வீழ்ந்துவிட்ட செய்தி கிடைத்தது. கப்பல் திரும்பிற்று. ஜூன் 6-ஆம் நாள் நடுக்கடலில் தெளிந்த வானத்தில் சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் கண்ணாரக் கண்டார். ஆடும் கப்பலில் நேரமும் சரியாகத் தெரியாது, தீர்க்கரேகையும் தெரியாது. கண்டும் பயனில்லை.

ஊருக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. இன்னும் எட்டு ஆண்டுகள்தானே என்று இருந்துவிட்டார்! மடகாஸ்கரின் கிழக்குக் கரையை வரைபடமாக்கினார். காற்று, ஓதம், செடிகொடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். 1766-இல் மணிலாவுக்குப் போனார். அங்கே ஆளுநர் அவரை ஐயத்தோடு பார்த்தார். அதற்குள் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்திருந்தது. 1768 மார்ச் 27-ஆம் நாள் கடைசியாகப் புதுச்சேரியில் கால் வைத்தார். ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் அன்போடு வரவேற்று, இடிந்து கிடந்த கோட்டைக்குள்ளேயே வான்காட்சி நிலையம் ஒன்று கட்டிக் கொடுத்தார். நேற்றுவரை பகைவராயிருந்த சென்னை ஆங்கிலேயர்கள் நல்லதொரு தொலைநோக்கியைக் கடனாக அனுப்பினார்கள்.

சுக்கிரனுக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. காத்திருந்த அந்த மாதங்களில்தான் நம்மவர்களின் கணக்கு அவர் கவனத்தை ஈர்த்தது. மையில்லை, பேனாவில்லை, காகிதமில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, சோழிகளை அங்குமிங்கும் நகர்த்திச் சந்திர கிரகணத்தின் நேரத்தைச் சொல்லிவிடுகிறார்கள்! பாரிசில் எத்தனையோ தாள்களை நிரப்பினால்தான் கிடைக்கும் விடை அது. அறிவியல் கழக உறுப்பினரான அவர், தமிழ் அறிந்தவர் துணையோடு அந்த முறையைப் படிப்படியாகக் கற்றுக்கொள்ள முனைந்தார். பட்டம் பெற்றவர் பட்டமில்லாதவரிடம் பாடம் கேட்பதை, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் என்ற முறையில் நான் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

அவர்கள் முணுமுணுத்தவை மந்திரமல்ல, வாக்கியங்கள். எழுத்துக்கு எண் கொடுத்து, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்யும் முறை. நிலவுக்கு 248 வாக்கியங்கள் உண்டு. ஒரு நாளைக்கு ஒன்று. அதென்ன 248? நிலவு பூமிக்கு மிக அருகே வந்த நிலையிலிருந்து மறுபடியும் அதே நிலைக்கு வர 27.55455 நாட்கள் ஆகின்றன. இதை ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள்: 247.991. அதாவது 248 நாட்களில் நிலவின் வேகமும் மெதுவும் கிட்டத்தட்டப் பழையபடியே திரும்பி வந்துவிடுகின்றன. ‘கிட்டத்தட்ட’ என்பதிலுள்ள சிறு பிழை சேர்ந்துகொண்டே போகுமே என்று கேட்கலாம். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 110 சுற்றுக்கு 3031 நாட்கள், பெருக்கினால் 3031.0005 வருகிறது. 449 சுற்றுக்கு 12372 நாட்கள். கலியுகத் தொடக்கமாகக் கொண்ட கி.மு. 3102 முதல் இன்றுவரை சென்ற நாட்களை எடுத்து, 1600984-ஐக் கழித்து, மீதியை 12372-ஆல் வகுத்து, அதன் மீதியை 3031-ஆல் வகுத்து, அதன் மீதியை 248-ஆல் வகுத்தால், எஞ்சி நிற்கும் எண்தான் இன்றைய வாக்கியத்தின் வரிசை எண். ஒவ்வொரு வகுத்தலின் ஈவுக்கும் உரிய சிறு தொகைகளைக் கூட்டிக்கொண்டால் நிலவின் இருப்பிடம் கையில்! கழிக்கும் அந்த 1600984-ஆம் நாள் கி.பி. 1282-இல் விழுகிறது. சோழப் பேரரசு மறைந்த சில ஆண்டுகளுக்குள்.

இதில் நீள்வட்டம் இல்லை, ஈர்ப்பு விசை இல்லை, வகை நுண்கணிதம் இல்லை. மீண்டும் மீண்டும் வருவது எது என்று நூற்றாண்டுக் கணக்கில் பார்த்து, அந்த மீள்வரவைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவே. 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை இந்த முறையில் கணித்துப் பார்த்தபோது அதன் கால அளவு உண்மையைவிட 41 விநாடி குறைந்தது. மேயரின் புகழ்பெற்ற அட்டவணையின்படி 68 விநாடி மிகுந்தது. லெ ழான்தி இதை மறைக்காமல் எழுதிவைத்தார்.

இந்த 41 விநாடியைப் பிடித்துக்கொண்டு, அன்றே நாம் எல்லாம் அறிந்திருந்தோம் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அவர்கள் இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். ஜான் வாரன் என்ற இராணுவ அதிகாரி, பின்னாளில் அதே புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைக் கொண்டு 1825 மே 31 - ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணிக்கச் செய்தார். அதே சோழிகள், அதே வாக்கியங்கள். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் தவறிற்று. ஒரு கிரகணத்தை மட்டும் வைத்து ஒரு முறைக்கு மதிப்பெண் போட முடியாது.

ஏன் இப்படி? இங்கேதான் மூன்றாவது பொருளான சூரியன் தலையிடுகிறது. நிலவின் பாதை நீள்வட்டமாயிருப்பதால் மட்டும் அது சராசரி இடத்திலிருந்து 6.29 பாகைவரை முன்னும் பின்னும் விலகும். சூரியனின் இழுப்பால் இன்னொரு 1.27 பாகை வரும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இந்த இரண்டாவது விலகல் முதலாவதைக் குறைத்து ஏறக்குறைய 5 பாகையாக்கிவிடும். அரைநிலவின்போதோ கூட்டி ஏழரைப் பாகையாக்கிவிடும். நம் வாக்கியங்களில் உள்ளது 5 பாகைதான். காரணம் தெளிவு: கிரகணத்தைப் பார்த்துப் பார்த்துச் சீர்செய்யப்பட்ட கணக்கு அது, கிரகணமோ அமாவாசையிலும் பௌர்ணமியிலும்தான் வரும். ஆகவே கிரகணத்துக்கு ஓரளவு கைகொடுக்கும் வாக்கியம், அட்டமியில் இரண்டரைப் பாகைவரை தவறலாம். நேரத்தில் சொன்னால் ஐந்து மணி, அதாவது பன்னிரண்டரை நாழிகை!

இது எங்கள் வீட்டிலேயே வழக்காக வந்தது. தாத்தாவின் திதி தேய்பிறை அட்டமி. சென்ற ஆண்டு வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நாளும் திருக்கணிதம் மறுநாளும் சொல்லின. இவ்வட்டாரத்தில் இது புதிதன்று. 2023-இல் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி சனவரியிலும், திருநள்ளாறு கோயில் பின்பற்றும் வாக்கியப்படி டிசம்பர் 20-ஆம் நாளும் வந்ததை எல்லோரும் அறிவோம். அப்பா நடவு வேலையை நிறுத்திவிட்டு வந்து, விஞ்ஞானம் படிக்கிற நீயே சொல், எது சரி என்று என்னைக் கேட்டார். களத்து மேட்டில் உட்கார்ந்து சூரியன், பூமி, நிலவு என்று மூன்று கல்லை வைத்து விளக்கினேன். வானத்தில் நிலவு நிற்குமிடம் எது என்றால் திருக்கணிதம்தான் என்றேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு, தாத்தா தம் அப்பாவுக்கு எந்தக் கணக்கில் செய்தாரோ அதன்படியே செய்வோம் என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார். எனக்கு மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை.

லெ ழான்தி காத்திருந்த நாள் வந்தது. 1769 மே மாதம் முழுவதும் புதுவையில் காலை வானம் பளிங்குபோல் இருந்ததாம். ஜூன் 4 விடியற்காலை காற்று எழுந்தது, மேகம் திரண்டது, சூரியன் எழுந்தும் முகம் காட்டவில்லை. சுக்கிரன் கடந்து முடிந்த சிறிது நேரத்தில் வானம் வெளுத்து, அன்று பகல் முழுவதும் வெயில் காய்ந்தது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று நிர்மலமான வானம்! இரு வாரங்கள் அவரால் பேனாவைக் கையில் எடுக்க முடியவில்லை.

நோயுற்ற உடம்போடு 1770 மார்ச் 1-ஆம் நாள் புதுச்சேரியை விட்டார். வழியில் புயலில் கப்பல் சிதைந்து மொரீஷியசுக்கே திரும்ப நேர்ந்தது. ஸ்பானியக் கப்பலொன்றில் இடம் பிடித்து, 1771 அக்டோபரில் பிரெனே மலைகளைக் கடந்து பிரெஞ்சு மண்ணை மிதித்தார். அங்கே அவர் ஏற்கெனவே ‘இறந்து’ போயிருந்தார். உறவினர் சொத்தைப் பிரிக்க முனைந்திருந்தனர். கழகத்தில் அவர் இடம் இன்னொருவருக்குப் போயிருந்தது. வழக்காடியும் இழந்த பணம் வரவில்லை. மனைவியும் மறுமணம் செய்துகொண்டாள் என்று சிலர் சேர்த்துச் சொல்வார்கள். அது கட்டுக்கதை. புறப்பட்டபோது அவர் மணமாகாதவர். திரும்பிய பிறகே மணந்துகொண்டு, ஒரு மகளுக்குத் தந்தையானார்.

மன்னரின் தலையீட்டால் 1772-இல் கழகத்தில் மீண்டும் இடம் பெற்றார். அதே ஆண்டு அக்கழகத்தின் பரிசை மூன்று பொருள் சிக்கலுக்காக லக்ராஞ்சு வென்றார், ஆய்லரோடு பகிர்ந்துகொண்டு. மூன்று பொருள்களும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகளில் நின்றால் அம்முக்கோணம் குலையாமலே சுற்றி வந்து பழைய நிலையை அடைய முடியும் என்று அவர் காட்டினார். எல்லாத் தொடக்கங்களுக்கும் விடை கிடைக்காத சிக்கலில், மீண்டு வரும் பாதைகளையாவது பிடிக்கலாம் என்ற எண்ணத்துக்கு இது பெரிய ஊன்றுகோல். நூறாண்டு கழித்து, 1878-இல், அமெரிக்கரான ஹில் நிலவின் கணக்கை நீள்வட்டத்திலிருந்து தொடங்காமல், சூரியனோடு சேர்ந்து சுழலும் சட்டத்தில் மூடிக்கொள்ளும் ஒரு மீள்பாதையிலிருந்தே தொடங்கினார். பின்னர் புவான்காரே, இந்தச் சிக்கல் என்னும் கோட்டைக்குள் நுழைய மீள்பாதைகளே வழி என்று கண்டார். வாக்கியக்காரர் செய்ததும் ஹில் செய்ததும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் காரணத்தைக் கேட்கவே இல்லை. மற்றவர் காரணத்திலிருந்தே தொடங்கினார். ஆனால் மீள்வரவே கைப்பிடி என்பதில் இருவர் கையும் ஒரே இடத்தில் படிந்திருக்கிறது.

லெ ழான்தி தம் பயண நூலை 1779-லும் 1781-லுமாக இரு தொகுதிகளாக வெளியிட்டார். தமிழர் கணக்கு முதல் தொகுதியில் இடம்பெற்றது. 1787-இல் பாய்யி என்ற வானியலார் அதை விரித்து ஒரு பெருநூலே எழுதி, அதன் தொன்மையை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டார். லப்லாஸ் அதை ஏற்கவில்லை. 1789-இல் எடின்பரோவில் பிளேஃபேர் ஆற்றிய உரையிலும் இந்த அட்டவணைகள் விரிவாக ஆராயப்பட்டன. அவர் அவற்றைத் ‘திர்வலூர்’ அட்டவணைகள் என்று குறித்து, அவ்வூர் நாகப்பட்டினத்துக்கு மேற்கே சுமார் பன்னிரண்டு மைல் என்று அடையாளமும் சொன்னார். நாகையிலிருந்து மேற்கே பேருந்தில் வருபவர் யாரும் அது எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள்!

பாரிசு வான்காட்சி நிலையத்திலேயே குடியிருந்து, மகளை வளர்த்துக்கொண்டு, அமைதியாகக் கழித்தார் கடைசி ஆண்டுகளை. 1792 அக்டோபர் 22-ஆம் நாள் மறைந்தார். நிலவில் ஒரு வட்டக் குழிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. தென்துருவத்தை ஒட்டிய விளிம்பில் இருப்பதால் அது எப்போதும் தெரிவதில்லை. நிலவு சற்றே முகத்தைத் திருப்பும் நாட்களில் மட்டும் தொலைநோக்கியில் தென்படும்.